விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது

கம்பிகளோடு ஜீவனம் செய்கிறவர்களிடம் வந்து முறையிடுகிற உலகத்தாரின் முதல் வாக்கியம் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்: "சார், லைட்டு எரியுது, ஆனா ஒண்ணும் போக மாட்டேங்குது." இந்த வாக்கியத்தின் முற்பாதியை நான் பல வருஷங்கள் சுபசமாசாரமாகவே எடுத்துக்கொண்டு, கேபிள் சரி, போர்ட் சரி, இனிக் கோளாறு வேறெங்கோதான் என்று தீர்மானித்து, அந்த வேறெங்கோவைத் தேடி வெகுதூரம் அலைந்திருக்கிறேன். அணைந்த விளக்கு அரை மணி நேரத்தில் தன் காரணத்தைக் காட்டிக் கொடுத்துவிடும் என்பதையும், எரிகிற விளக்குத்தான் ஆளை நாட்கணக்கில் அலைக்கழிக்கும் என்பதையும் எனக்குப் புரியவைத்தது ஒரு கல்லூரியின் நூல்நிலையம். கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம்.

அங்கே அலுவலகம் ஒரு கட்டடத்திலும், நூல்நிலையம் நான்கைந்து வேப்பமரங்களுக்கு அப்பால் வேறொரு கட்டடத்திலும் இருந்தன. இரண்டிலும் ஒவ்வொரு சுவிட்ச். சுவிட்ச் என்றதும் மின்விசிறியைப் போடும் சுவர்ப் பொத்தானை நினைத்துக்கொள்ள வேண்டாம். தபாலாபீசில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்துப் பைகளில் போடுகிற குமாஸ்தாவின் உத்தியோகத்தை, களைப்பும் சலிப்பும் இல்லாமல், கண்ணிமைப்பதற்குள் ஆயிரம் தடவை செய்கிற பெட்டி இது. அலுவலகத்துச் சுவிட்ச் மாடிப்படிக்குக் கீழே, துடைப்பங்களும் ஃபினாயில் டப்பாக்களும் வைக்கிற அறையில், ஒரு சிறிய ரேக்குக்குள் குடியிருந்தது. அங்கிருந்து ஜன்னல் வழியே வெளியேறி, சன்ஷேடின்மேல் வெயிலில் படுத்து, ஒரு பி.வி.சி. குழாய்க்குள் புகுந்து மண்ணுக்கடியில் சென்று, நூல்நிலையத்தின் பின்சுவரில் தலைகாட்டும் நீல நிறக் கேபிள் ஒன்றே இரு கட்டடங்களுக்கும் உறவு. நீளம் ஏறக்குறைய 70 மீட்டர். செப்புக் கேபிளுக்கு விதிக்கப்பட்ட எல்லை 100 மீட்டர் ஆகையால், அந்த வகையில் குற்றம் சொல்ல இடமில்லை.

"தம்பி, ஒரு புஸ்தகம் இருக்கா இல்லையான்னு இதைக் கேட்டா, அது யோசிச்சுப் பதில் சொல்றதுக்குள்ள நான் அலமாரிக்கே போய்ப் பார்த்துட்டு வந்துடறேன்" என்றார் நூலகர். ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்களே பாக்கியிருந்தவர். கம்ப்யூட்டரிடம் அவருக்குத் துவேஷம் ஒன்றும் இல்லை, மரியாதையும் இல்லை. நான் சுவிட்சைக் குனிந்து பார்த்துவிட்டு, எந்த வாக்கியத்தைப் பிறர் வாயில் கேட்டுக் கேட்டுச் சலித்திருந்தேனோ அதையே சொன்னேன்: "ஐயா, லைட்டு எரியுதுங்களே."

"எரியட்டும் தம்பி. அந்த வெளிச்சத்திலயா படிக்கப் போறேன்?"

முதல் காரியமாக பிங் அனுப்பினேன். 'இருக்கிறாயா?' என்று இங்கிருந்து கேட்பதும், 'இருக்கிறேன்' என்று அங்கிருந்து வருவதுமான சிறிய விசாரிப்பு அது. பத்து அனுப்பியதில் பத்தும் திரும்பி வந்தன. ஆனால் வாசலில் நின்று குசலம் கேட்பதற்கும், ஒரு வண்டி நெல்லை உள்ளே இறக்குவதற்கும் உள்ள வித்தியாசம் இதிலும் உண்டு. நூலகரின் தேடல் வண்டி நெல்லைச் சேர்ந்தது. அடுத்து, கேபிளை இரு முனையிலும் கழற்றி டெஸ்டரில் மாட்டினேன். ஒன்று முதல் எட்டு வரை எண்ணிட்ட சிறு விளக்குகள் இரு முனையிலும் ஒரே சமயத்தில், ஒன்று, இரண்டு, மூன்று என்று, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் வரிசை பிசகாமல் எரிந்தன. எட்டு இழைகளும் அறுபடாமல், இடம் மாறாமல், முனைக்கு முனை சேர்ந்திருக்கின்றன என்பதற்கு இதைவிடப் பிரத்தியட்சமான சாட்சி வேண்டுமா?

அலுவலகத்துச் சுவிட்ச் சற்று உயர்ந்த ரகம். தன் ஒவ்வொரு போர்ட்டிலும் எத்தனை சரக்கு வந்தது, எத்தனை போனது, எத்தனை சிதைந்து வந்தது என்று கணக்கு வைத்திருந்து, கேட்டால் சொல்லும். நூல்நிலையத்தில் இருந்ததோ விலை மலிந்த வாயில்லாப் பூச்சி. அதனிடம் கேட்பதற்கும் வழியில்லை, அது சொல்வதற்கும் வழியில்லை. வாயுள்ளது சொன்ன கணக்கில் சி.ஆர்.சி. பிழைகள் ஆயிரக்கணக்கில் ஏறிக்கொண்டிருந்தன. மளிகைக் கடைச் சீட்டின் அடியில் கூட்டுத்தொகை எழுதியிருப்பதுபோல ஒவ்வொரு செய்தித் துண்டின் வாலிலும் 32 பிட் அளவில் ஒரு சரிபார்ப்பு எண் இருக்கும். பெறுகிறவன் மறுபடியும் கூட்டிப் பார்த்து, தொகை ஒத்துவராவிட்டால் அனுப்பியவனுக்கு ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் அந்தத் துண்டைக் குப்பையில் போட்டுவிடுவான். இப்படிச் சிதைவு மிகுந்தால் கேபிளைச் சந்தேகி என்பது எங்கள் தொழிலின் பாலபாடம்.

ஆகவே, டெஸ்டரின் சாட்சியத்தைப் பொருட்படுத்தாமல், 305 மீட்டர் சுருள் அடங்கிய புதிய பெட்டி ஒன்றை உடைத்து, வேப்பமரத்தடி வழியாகத் தரையிலேயே ஒரு கேபிளை இழுத்து, இரு முனைகளிலும் கிரிம்பிங் டூலால் நானே கைப்பட ஆர்ஜே-45 கடித்து மாட்டினேன். பழைய தொல்லை அப்படியே இருந்தது. பிழைகளின் எண்ணிக்கை சற்றுக் குறைந்ததோ என்று ஒரு சம்சயம் எழுந்தது உண்மை. ஆனால் மத்தியான வெயிலில் 70 மீட்டர் கேபிளைத் தூக்கிக்கொண்டு நடந்தவன் அத்தகைய சூக்ஷ்ம சம்சயங்களுக்கு இடம் கொடுப்பதில்லை. பழைய கேபிள் நிரபராதி என்று விடுதலை செய்து, அதையே திரும்ப மாட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் அலுவலகத்துச் சுவிட்சின் அமைப்புகளைப் படித்துக்கொண்டு வருகையில், நூல்நிலையத்துக்குப் போகும் அந்த ஒரு போர்ட்டை மட்டும் யாரோ '100 மெகாபிட், ஃபுல் டூப்ளெக்ஸ்' என்று ஆணி அடித்து வைத்திருப்பதைக் கண்டேன். இதன் விபரீதம் விளங்க வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1973-ஆம் வருஷம் மே மாதம் 22-ஆம் தேதி, ஜெராக்ஸ் கம்பெனியின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சிக்கூடத்தில் ராபர்ட் மெட்காஃப் என்பவர், பல யந்திரங்கள் ஒரே கம்பியில் பேசிக்கொள்ளும் தம் திட்டத்துக்கு 'ஈதர்' என்ற பெயரை ஒரு குறிப்பில் எழுதினார். ஒளி பரவுவதற்கு ஆதாரமாகப் பிரபஞ்சமெங்கும் ஈதர் என்ற சூக்ஷ்ம வஸ்து நிறைந்திருக்கிறது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு விஞ்ஞானிகள் நம்பினார்கள். 1887-இல் மைக்கேல்சனும் மோர்லியும் செய்த பரிசோதனையில் அப்படியொன்று அகப்படவில்லை. இல்லாமற்போன பொருளின் பெயர் இவ்வாறு எண்பத்தாறு வருஷம் கழித்துச் செப்புக் கம்பிக்குச் சூட்டப்பட்டது. சப்தம் ஆகாயத்தின் குணம் என்று நம் தார்க்கிகர்கள் சொன்னதை மெட்காஃப் அறிந்திருக்க நியாயமில்லை; அறிந்திருந்தால் 'ஆகாசநெட்' என்று வந்திருக்குமோ என்னவோ. அந்தப் பொதுக் கம்பியில் பேசுவதற்கு ஓர் ஆசாரம் விதிக்கப்பட்டது: பிறர் பேசுகிறார்களா என்று முதலில் கேள், யாரும் பேசாவிட்டால் பேசு, இருவர் ஒரே சமயத்தில் வாய்திறந்துவிட்டால் இருவரும் நிறுத்தி, ஆளுக்கொரு கால அளவு காத்திருந்து, மறுபடி தொடங்கு. பந்தியில் பரிமாறுகிறவர்கள்கூட இவ்வளவு மரியாதையாக நடந்துகொள்வதில்லை. பிற்காலத்தில், பேசுவதற்கு ஒரு ஜோடி இழையும் கேட்பதற்கு ஒரு ஜோடி இழையும் தனித்தனியாக அமைந்து, நடுவில் சுவிட்சும் வந்துவிட்டபடியால், ஒரே சமயத்தில் பேசவும் கேட்கவும் முடிந்தது. இதுவே ஃபுல் டூப்ளெக்ஸ். பழைய ஆசாரம் ஹாஃப் டூப்ளெக்ஸ் என்ற பெயரோடு ஒதுங்கிக்கொண்டது.

இரண்டில் எதை அனுஷ்டிப்பது என்பதை, கேபிள் மாட்டியவுடன் இரு சுவிட்சுகளும் சிறு சிறு துடிப்புகளால் தமக்குள் பேசி முடிவு செய்துகொள்ளும். ஒரு புறத்தை ஆணி அடித்துவிட்டால் அந்தப் புறம் பேச்சுவார்த்தைக்கு வருவதில்லை. மறுபுறமோ, வந்து விழும் சமிக்ஞையைக் கொண்டு வேகம் இன்னது என்பதை அறிந்துகொள்ளும். எதிராளி எந்த ஆசாரக்காரன் என்பதை அறிய அதற்கு உபாயமில்லை. அறியாதவிடத்தில் பழைய ஆசாரத்தையே கைக்கொள் என்பது விதி. விளைவு: நூல்நிலையத்துச் சுவிட்ச், யாரும் பேசாத சமயம் பார்த்து அடக்கமாகப் பேசத் தொடங்கும், அலுவலகத்துச் சுவிட்ச், எதிராளி பேசிக்கொண்டிருப்பது தன் பேச்சுக்குத் தடையே அல்லவென்று தாராளமாகப் பேசும், அதைக் கேட்ட முன்னது 'மோதிவிட்டோம்' என்று பதறி, பாதி வாக்கியத்தில் வாயை மூடிக்கொள்ளும், அறுந்து வந்த அந்தப் பாதியைப் பின்னது கூட்டிப் பார்த்துத் தொகை ஒத்துவரவில்லை என்று சி.ஆர்.சி. கணக்கில் ஒன்று ஏற்றும். போக்குவரத்து சொற்பமாயிருக்கும் வரையில் மோதலுக்குச் சந்தர்ப்பம் குறைவாகையால் பிங் பழுதின்றிப் போய் வரும். சரக்கு ஏற ஏறத்தான் குழப்பம். இரண்டு விளக்குகளும் இவ்வளவுக்கும் நடுவே பச்சையாய் எரிந்துகொண்டிருக்கும்.

காரணம் அகப்பட்டது என்ற உல்லாசத்தோடு ஆணியைப் பிடுங்கி 'ஆட்டோ' என்று மாற்றினேன். இரண்டு சுவிட்சுகளும் ஃபுல் டூப்ளெக்ஸ் என்று சுமுகமாக ஒத்துக்கொண்டன. சி.ஆர்.சி. பிழைகள் ஏறிக்கொண்டே இருந்தன. நூலகர் அலமாரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்துகொண்டே இருந்தார்.

காரணம் இருக்குமிடத்தில் காரியமும் இருப்பது அந்வயம் என்றும், காரணம் இல்லாதவிடத்தில் காரியமும் இல்லாதிருப்பது வியதிரேகம் என்றும் நியாய சாஸ்திரக்காரர்கள் வகுத்தார்கள். எங்கள் தொழிலில் எந்த வித்துவானிடமும் பாடம் கேட்காமலே இதை ஒவ்வொருவரும் அனுஷ்டிக்கிறோம்: ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்று, குணம் தெரியாவிட்டால் அதைப் பழையபடியே வைத்துவிட்டு அடுத்ததை மாற்று. ஐந்தாறு பொருள்களை ஏககாலத்தில் மாற்றி, கோளாறு போய்விட்டது, எதனால் போயிற்று என்று தெரியாது என்று கைகழுவுகிறவர்களை நான் பல தடவை பரிகசித்திருக்கிறேன். ஆனால் இந்த நியாயத்தின் அடிவாரத்தில், குற்றவாளி ஒருவனே என்ற அனுமானம் சொல்லாமலே பதுங்கியிருக்கிறது. புகை கண்டு நெருப்பை ஊகிக்கலாம். ஒரே புகைக்குக் கீழே இரண்டு அடுப்புகள் எரிந்துகொண்டிருக்கும்போது, ஒன்றை அணைத்துப் பார்த்து, புகை நிற்காதது கண்டு 'இது காரணமன்று' என்று அதை மறுபடி பற்றவைத்துவிட்டு, மற்றதை அணைக்கப் போகிறவன் எந்த ஜன்மத்தில் உண்மையை அறிவான்? நான் செய்துகொண்டிருந்தது அதுதான். முறை தவறாமல் செய்ததனாலேயே தவறினேன்.

என்னைக் கரையேற்றியது என் அறிவு அல்ல, மறதி. 'ஆட்டோ' என்று மாற்றியதைப் பழையபடி ஆணி அடித்து வைக்க வேண்டும் என்ற நியமத்தை மறந்துவிட்டு, அன்று மாலை வேறு உபாயம் தோன்றாத சலிப்பில், மரத்தடியில் கிடந்த புதுக் கேபிளை இன்னொரு முறை மாட்டிப் பார்த்தேன். பிழைக் கணக்கு நின்றுவிட்டது. ஒரு மணி நேரம் காத்திருந்தேன், ஒன்றுகூட ஏறவில்லை. அப்போதுதான், முதல் நாள் நான் விடுதலை செய்து அனுப்பிய பழைய கேபிளை மறுபடியும் கூண்டில் ஏற்ற வேண்டியதாயிற்று.

அதன் முனைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். யாரோ ஒரு எலக்ட்ரீஷியன், நல்ல கைத்திறமும் ஒழுங்கில் பற்றும் உள்ளவர், வண்ணங்களை மிக அழகாக அடுக்கியிருந்தார்: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, பச்சை, நீல வெள்ளை, நீலம், பழுப்பு வெள்ளை, பழுப்பு. ஒவ்வொரு வண்ணமும் தன் துணையின் பக்கத்திலேயே. இரு முனையிலும் அச்சுப் பிசகாமல் அதே வரிசை. குற்றம் அந்த அழகில்தான் இருந்தது.

கேபிளுக்குள் எட்டு இழைகள் நான்கு ஜோடிகளாக ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு போவதன் ரகசியத்தை, டெலிபோனால் பெயர்பெற்ற அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல்லே கண்டறிந்து 1881-இல் காப்புரிமை பெற்றார். ஓர் இழையில் போவதன் எதிர்மறை மற்றதில் போகிறது. பெறுகிற முனை இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே பொருட்படுத்துகிறது. வெளியிலிருந்து வரும் இரைச்சல், இரண்டும் முறுக்கிக்கொண்டிருப்பதனால், இரண்டின் மேலும் ஏறக்குறையச் சமமாகவே விழுகிறது. சமமாக விழுந்தது வித்தியாசத்தில் சேருவதில்லை. ஊர்வம்பு கணவன் காதிலும் மனைவி காதிலும் ஒரே அளவில் விழுந்தால் வீட்டில் பேதம் விளையாது. ஒருவர் காதில் மட்டும் விழுந்தால்தான் விபரீதம். நான்கு ஜோடிகளின் முறுக்கும் நான்கு விதமாக இருப்பது, அடுத்த வீட்டுப் பேச்சு இந்த வீட்டில் கேட்கக் கூடாது என்பதற்காக.

100 மெகாபிட் வேகத்தில் யந்திரம் பேசுவதற்கும் கேட்பதற்கும் உபயோகிக்கும் கால்கள் 1, 2 என்ற ஒரு ஜோடியும், 3, 6 என்ற மற்றொரு ஜோடியும். மூன்றுக்குத் துணை நான்கு அல்ல, ஆறு! இந்த விநோதம் டெலிபோன் காலத்துச் சொத்து: நடுவிலுள்ள 4, 5 இரண்டும் டெலிபோன் ஜோடிக்கு உரியவை என்று முன்னமே ஏற்பட்டுவிட்டபடியால், அடுத்த ஜோடி அதன் இருபுறமும் கால் அகற்றி நிற்க வேண்டியதாயிற்று. ஆகவே பச்சை வெள்ளை மூன்றிலும், பச்சை ஆறிலும் போக, நீல ஜோடி அவற்றின் நடுவே உட்காருவதே முறை. நம் எலக்ட்ரீஷியனின் அழகான அடுக்கில் மூன்றாம் கால் பச்சை வெள்ளையிலும், ஆறாம் கால் நீலத்திலும் போயிற்று. சேர்ந்து வேலை செய்ய வேண்டிய இருவர் வெவ்வேறு குடும்பத்தில் முறுக்கிக்கொண்டு 70 மீட்டர் நடந்தார்கள். ஒருவர் மேல் விழுந்த இரைச்சல் மற்றவர் மேல் அதே அளவில் விழவில்லை. பக்கத்து ஜோடியின் பேச்சு இவர்கள் பேச்சில் கலந்தது. ஒரு முழக் கேபிளில் இது பாதிக்காமலே போகலாம். தூரம் கூடக் கூடத் தாங்குவதில்லை. டெஸ்டரோ, ஒன்று ஒன்றோடு சேர்ந்ததா, மூன்று மூன்றோடு சேர்ந்ததா என்று மட்டுமே கேட்டது. யார் யாரோடு முறுக்கிக்கொண்டு வந்தார்கள் என்று அது கேட்கவில்லை. கேட்ட கேள்விக்கு எட்டு விளக்குகளும் சத்தியமாகவே பதில் சொல்லின.

ஆணி அடித்த என்ஜினீயரை நான் பின்னர் மனத்துக்குள் நிந்தித்ததில்லை. கேபிள் தொல்லையால் இணைப்பு தள்ளாடியபோது, ஆட்டோவை நம்பாமல் கையால் நிலைநிறுத்தினால் சரியாகுமென்று அவர் எண்ணியிருக்க வேண்டும். விளக்கு நிலையாக எரிந்திருக்கும். அவரும் நிம்மதியாகப் போயிருப்பார். எலக்ட்ரீஷியனின் கை சுத்தம், என்ஜினீயரின் எண்ணம் சுத்தம். அலுவலகத்துச் சுவிட்சைத் தனியே சோதித்தாலும் பழுதில்லை, நூல்நிலையத்துச் சுவிட்சைத் தனியே சோதித்தாலும் பழுதில்லை. பழுது இரண்டில் எதற்குள்ளும் குடியிருக்கவில்லை. இரண்டுக்கும் நடுவே, ஒன்று மற்றதை இன்னதென்று எண்ணிக்கொண்ட எண்ணத்தில் பாதியும், எண்ணமே இல்லாத செம்பின் முறுக்கில் பாதியுமாக இருந்தது.

முனைகளை வெட்டி, வரிசை திருத்தி, புதிதாகக் கடித்தவுடன் அதே நீலக் கேபிள் இரண்டு வருஷங்கள் ஒழுங்காக உழைத்தது. நடுவில் ஒரு நாள் கல்லூரி முழுவதும் ஸ்தம்பித்தது, ஆனால் அது கேபிளின் பாபமல்ல. நூல்நிலையத்தைப் பெருக்க வந்தவர், சுவிட்சிலிருந்து தொங்கிக்கொண்டிருந்த பேட்ச் கார்டு என்ற குட்டைக் கேபிளின் நுனியைக் கண்டு, பாவம் என்று அதே சுவிட்சின் காலியிடத்தில் சொருகிவிட்டார். தொடங்கிய இடத்துக்கே திரும்பும் அந்த வழியில் அகப்பட்டுக்கொண்ட அறிவிப்புகளுக்கு மரணமில்லை. ஈதர்நெட்டின் செய்தித் துண்டுக்கு ஆயுள் இவ்வளவு என்று விதிக்கப்படவே இல்லை. அவை சுற்றிச் சுற்றிப் பெருகின. இத்தகைய சுழல்களை அறுப்பதற்கென்றே 1985-இல் ரேடியா பெர்ல்மன் என்ற அம்மையார் ஒரு முறையை வகுத்து, அதைப் பற்றி ஒரு சிறு கவிதையும் எழுதினார். கவிதையோடு பிறந்த விதிமுறை தொழில்நுட்பத்தில் வேறு உண்டா என்று எனக்குச் சந்தேகம்தான். அந்த விதிமுறையும் கைமீறிப் போகலாம் என்பதற்கு 2002 நவம்பரில் பாஸ்டன் நகரத்துப் பெரிய மருத்துவமனை ஒன்று சில நாட்கள் காகிதத்துக்கும் பேனாவுக்கும் திரும்ப நேர்ந்தது சாட்சி. நம் வாயில்லாப் பூச்சிக்கு அந்த விதிமுறையும் தெரியாது. அன்று எல்லாச் சுவிட்சுகளிலும் எல்லா விளக்குகளும் கார்த்திகைத் தீபம்போல் ஒரே கதியில் துடித்துக்கொண்டிருந்தன. அவ்வளவு பிரகாசத்தை அந்த அறை அதற்கு முன்பும் பின்பும் கண்டதில்லை.

இரண்டாம் வருஷத்து ஐப்பசியில் ஓர் இடி, இரு கட்டடங்களையும் செம்பால் இணைத்த அபசாரத்துக்கு இரு முனைப் போர்ட்டுகளையும் பலி கொண்டுபோயிற்று. பிறகு மின்சாரம் ஓடாத கண்ணாடி இழை போட்டார்கள். மின்சாரத்தை வெளிச்சமாகவும் வெளிச்சத்தை மின்சாரமாகவும் மாற்ற முனைக்கொரு மீடியா கன்வெர்ட்டர். போவதற்கு ஓர் இழை, வருவதற்கு ஓர் இழை. முற்காலத்தில் இரண்டு சுவிட்சுகளைச் சேர்க்க உள்ளே குறுக்காகக் கட்டிய கிராஸ் கேபிள் வேண்டியிருந்தது, ஏனெனில் சமானமான இருவரும் ஒரே இழையில் பேசி ஒரே இழையில் செவிகொடுத்தால் யார் பேச்சும் யாருக்கும் எட்டாது. பிறகு சுவிட்சுகள் தாமே குறுக்கிக்கொள்ளக் கற்றதும் அந்த வித்தை மறந்தது. கண்ணாடியில் மறுபடியும் கையால் குறுக்க வேண்டிவந்தது.

சில மாதங்களில் நூலகரிடமிருந்து போன். ஓய்வுபெற்றும் தினம் காலையில் வந்து உட்காருகிறவர். "தம்பி, மறுபடியும் நின்னுபோச்சு. ஆனா நீங்க கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன், என் பக்கம் லைட்டு எரியுது."

அலுவலகப் பக்கம் அணைந்திருந்தது. ரேக் கதவு மூடும்போது ஆரஞ்சு நிறப் பேட்ச் கார்டின் ஒரு கால் மட்டும் இடுக்கில் நசுங்கி, நூல்நிலையத்திலிருந்து வரும் வெளிச்சம் அங்கே நின்றுபோயிருந்தது. இங்கிருந்து போகும் வெளிச்சம் தடையின்றிப் போய்க்கொண்டிருந்தது. அதாவது, அவர் பக்கத்து விளக்கு, இத்தனை வருஷங்களாக நான் எண்ணிக்கொண்டிருந்ததுபோல், 'நாம் இருவரும் சேர்ந்திருக்கிறோம்' என்று சொல்லவில்லை. 'எனக்குக் கேட்கிறது' என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தது. தான் சொல்வது அங்கே கேட்கிறதா என்பது அதற்குத் தெரியாது. இதை அவரிடம் விவரித்தபோது, கேட்டுவிட்டு, "வீட்டுல நானும் அப்படித்தான் தம்பி" என்று சிரித்தார்.

பழைய நீலக் கேபிளை உருவி எடுத்த அன்று, கெட்டதென்று சந்தேகிக்கப்பட்ட எதையும் முனை வெட்டி எறிய வேண்டும், இல்லாவிட்டால் அது மேஜை டிராயருக்குள் புகுந்து ஒரு நாள் நல்லதுபோல் வெளியே வரும் என்ற எங்கள் சம்பிரதாயத்தை உத்தேசித்து, வெட்டவா வேண்டாமா என்று யோசித்து நின்றேன். அது கெட்டதல்லவே என்று விட்டுவிட்டேன். அடுத்த தடவை ரேக் அறையைத் திறந்தபோது, மூலையில் ஏழெட்டுத் துடைப்பங்களைச் சேர்த்து அந்தக் கேபிளால் இறுகக் கட்டியிருந்தார்கள். ஒரு நுனியில் 'நூலகம்' என்று நான் எழுதி ஒட்டிய சீட்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.